கால்வழிகள் குறுகும் காலம்: ரத்தக் குருத்தணுக்களின் மூப்பு பற்றி

இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து எடுத்த சிறு துண்டை மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் அது யாருடையது என்று தெரியாவிட்டாலும் அவருக்கு ஏறக்குறைய என்ன வயது என்று சொல்லிவிடலாம். இருபது வயதுக்காரரின் மஜ்ஜையில் ஊதா நிறச் செல்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கும். நடுநடுவே வெள்ளை வட்டங்கள் சில தென்படும். அவை கொழுப்புச் செல்கள். பதப்படுத்தும்போது கொழுப்பு கரைந்துவிட, கூடு மட்டும் வெறுமையாகத் தெரிகிறது. எழுபது வயதுக்காரரின் துண்டிலோ வெள்ளை வட்டங்களே பரந்து கிடக்கும். ஊதாப் புள்ளிகள் அவற்றின் இடுக்குகளில் ஒதுங்கியிருக்கும். நோய்க்குறியியல் மருத்துவர்களிடையே இதற்கு ஒரு வாய்க்கணக்கு உண்டு. நூறிலிருந்து வயதைக் கழித்தால், மஜ்ஜையில் ரத்தம் உருவாக்கும் செல்கள் நிறைந்த பகுதி எத்தனை விழுக்காடு என்பது உத்தேசமாகக் கிடைத்துவிடும்.

இந்தக் காட்சியைப் பார்ப்பவர் எவரும் மூப்பு என்பது வற்றுவது என்றே எண்ணுவார். ஊற்று அடைபடுகிறது, ஆகவே நீர் குறைகிறது. ஆனால் அந்த ஊற்றாகிய ரத்தக் குருத்தணுக்களை, அதாவது ரத்த ஸ்டெம் செல்களை, தனியே பிரித்து எண்ணத் தொடங்கியபோது கணக்கு வேறுவிதமாக வந்தது. வயதான எலியின் மஜ்ஜையில் அவை குறையவில்லை; பல மடங்கு பெருகியிருந்தன. மனித மஜ்ஜையிலும் முதியோரிடம் அவற்றின் விகிதம் கூடுகிறது என்று ஸ்டான்ஃபோர்டில் இர்விங் வைஸ்மனின் குழு 2011இல் காட்டியது. எண்ணிக்கை கூடியும் ரத்தத்தின் வலிமை ஏன் குறைகிறது? மூப்பு அடைவது குருத்தணுவா, அது வாழும் இடமா, அல்லது குருத்தணுக்கள் எல்லாம் சேர்ந்த கூட்டமா?

இந்த மூன்றையும் ஒரே சொல்லால் குறிப்பதுதான் இத்துறையின் பெருங்குழப்பம் என்பது என் கருத்து. எலிகளில் நாம் கற்றது பெரும்பாலும் தனிச் செல்லின் மூப்பைப் பற்றியது. மனிதரில் அண்மைக்காலத்தில் தெளிவானது கூட்டத்தின் மூப்பைப் பற்றியது. ஒன்றுக்கான சான்றை மற்றொன்றுக்குப் பொருத்தும்போது நம்பிக்கைகள் பிழையாகின்றன.

1. மண்ணீரலில் எழுந்த முடிச்சுகள்

குருத்தணு என்ற கருத்துக்கு ஆய்வுக்கூடச் சான்று கிடைத்தது கனடாவின் டொரோன்டோ நகரில். ஜேம்ஸ் டில் இயற்பியல் படித்தவர். எர்னஸ்ட் மெக்கல்லக் மருத்துவர். கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜைச் செல்களை ஊசிமூலம் செலுத்தினார்கள். பத்து நாள் கழித்து அறுத்துப் பார்த்தபோது மண்ணீரலின் மேல் சிறு முடிச்சுகள் புடைத்திருந்தன. செலுத்திய செல்களின் எண்ணிக்கையை இரட்டித்தால் முடிச்சுகளும் இரட்டித்தன. ஏறக்குறைய பத்தாயிரம் மஜ்ஜைச் செல்லுக்கு ஒரு முடிச்சு. 1961இல் இதை வெளியிட்டார்கள். ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஒரு செல்லின் வழித்தோன்றல் என்பதை அவர்களின் மாணவர் ஆண்ட்ரூ பெக்கர் 1963இல் குரோமோசோம் அடையாளங்களைக் கொண்டு நிறுவினார். அந்த முடிச்சுகளை உண்டாக்கியவற்றில் பெரும்பாலானவை மெய்யான குருத்தணுக்கள் அல்ல, அவற்றுக்கு ஒரு படி கீழே உள்ளவை என்பது பின்னால் தெரியவந்தது. ஆனாலும் ஒரு செல், அதன் வழித்தோன்றல்கள், அவற்றின் தொகை என்று எண்ணிப் பார்க்கும் முறை அங்கே தொடங்கியது. ஒரு செல்லின் வழித்தோன்றல்கள் அனைத்தையும் சேர்த்து அறிவியலார் ‘குளோன்’ என்பார்கள். இக்கட்டுரையில் அதைக் கால்வழி என்றே சொல்கிறேன். நம் மொழியில் அதற்கு நல்ல சொல் இருக்கிறது.

வளர்ந்த மனித உடல் நாளொன்றுக்கு 20,000 கோடிச் சிவப்பணுக்களை ஆக்குகிறது. சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். தட்டணுவுக்கு ஒரு வாரம், பத்து நாள். இவ்வளவு உற்பத்திக்கும் தலைமுதலாக இருக்கும் குருத்தணுவோ பெரும்பாலும் உறங்கிக் கிடக்கிறது. மனிதக் குருத்தணு சராசரியாக 40 வாரத்துக்கு ஒருமுறை பிளவுறுகிறது என்பது ஒரு மதிப்பீடு. உழைப்பெல்லாம் அதன் கீழ்ப்படிகளில் உள்ள செல்களுடையது. குறைவாகப் பிளவுற்றால் பிழையும் குறைவு என்பதால் இந்த உறக்கமே அதன் காப்பு என்று கருதப்பட்டது. அந்தக் காப்புக்கும் ஒரு விலை உண்டு.

2. கூடும் தொகை, குறையும் திறன்

குருத்தணுக்களுக்கு மூப்பே இல்லை என்ற எண்ணமும் ஒருகாலத்தில் வலுவாக இருந்தது. அதற்குச் சான்றும் இருந்தது. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் டேவிட் ஹாரிசன், பிறவி ரத்தசோகை கொண்ட எலிகளுக்கு நல்ல மஜ்ஜையைச் செலுத்தினார். அந்த எலிகள் மூப்படைந்ததும் அதே மஜ்ஜையை அடுத்த தலைமுறை எலிகளுக்கு மாற்றினார். இப்படியே மாற்றிக்கொண்டு போனதில் அந்த மஜ்ஜை 73 மாதங்கள் குறைவின்றிச் சிவப்பணு ஆக்கியது என்று 1973இல் எழுதினார். எலியின் ஆயுள் இரண்டு, இரண்டரை ஆண்டு. தன்னை ஈன்ற உடலைவிட இரு மடங்குக்கும் மேலாக ஒரு மஜ்ஜை வாழ்ந்துவிட்டது.

இந்த முடிவு பிழையன்று. கேட்ட கேள்விதான் எளிதானது. ரத்தசோகை தீர்ந்ததா என்று பார்ப்பதற்கும், ஓர் இளம் குருத்தணுவோடு போட்டியிட்டு இது எவ்வளவு ரத்தம் தருகிறது என்று பார்ப்பதற்கும் வேறுபாடு மிகப் பெரிது. பின்னர் போட்டி முறையில் சோதித்தபோது, ஒவ்வொரு முதிய குருத்தணுவும் இளையதைவிடக் குறைந்த அளவே ரத்தம் தருகிறது என்பது உறுதியாயிற்று. ரத்தத்தின் வகையும் மாறியது. நோயெதிர்ப்புக்கான பி, டி செல்களைத் தரும் லிம்ஃபாய்டு கிளை மெலிந்தது. நியூட்ரோஃபில், மோனோசைட், தட்டணு முதலியவற்றின் மைலாய்டு கிளை தடித்தது. டெரிக் ரோஸ்ஸி 2005இல் முதிய குருத்தணுக்களை இளம் எலிகளில் வைத்துப் பார்த்தபோதும் இந்தச் சாய்வு நீடித்தது. கோளாறு செல்லிலேயே பதிந்திருக்கிறது என்பதற்கு அது முதல் வலுவான சான்று.

மருத்துவமனையில் இதன் நிழல் தெரிகிறது. முதியோருக்குத் தடுப்பூசி போதிய பலன் தருவதில்லை. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு ரத்தசோகை இருப்பதாக 2004இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அவர்களில் மூன்றிலொருவருக்குச் சத்துக் குறைவு. மூன்றிலொருவருக்கு நாள்பட்ட அழற்சி அல்லது சிறுநீரக நோய். எஞ்சிய மூன்றிலொருவருக்குக் காரணம் பிடிபடவில்லை. ‘வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டில் சொல்லி விட்டுவிடும் சோகை இந்தக் கடைசி வகையில் நிறைய இருக்கிறது. விட்டுவிடக் கூடாது, முதலிரண்டு காரணங்களைத் தேடிப் பார்க்காமல் மூன்றாவதை யாரும் முடிவு செய்ய முடியாது.

3. செல்லுக்குள் நடப்பவை

முதலில் சந்தேகிக்கப்பட்டது டி.என்.ஏ. சேதம். முதிய குருத்தணுவின் உட்கருவில், இழை அறுந்த இடத்தைக் காட்டும் ‘காமா-எச்2ஏஎக்ஸ்’ என்ற புரதக் குறி புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. 2007இல் ரோஸ்ஸியின் ஆய்வு இதைச் சேதத்தின் குவியல் என்று வாசித்தது. உறங்கும் செல் தன் டி.என்.ஏ.வைச் செப்பனிட எழுவதில்லை. உறக்கத்தின் விலை இதுவே என்பது அந்த வாசிப்பு. நேர்த்தியான விளக்கம்தான். ஆனால் 2014இல் எம்மானுவல் பசேகேயின் குழு அதே புள்ளிகளை உற்றுப் பார்த்து வேறு கதை சொன்னது. முதிய செல் பிளவுறத் தொடங்கும்போது டி.என்.ஏ. இழைகளைப் பிரித்துக்கொடுக்கும் ‘எம்.சி.எம்.’ புரதங்கள் போதாமல் நகலெடுப்பு இடறுகிறது. அந்த இடறலின் எச்சமாகவே, பிளவு முடிந்து உறங்கப் போன பின்னும், உட்கருமணியில் அந்தக் குறி அழியாமல் நிற்கிறது. அங்கே இழை அறுந்திருக்க வேண்டியதில்லை. குறி ஒன்றுதான், வாசிப்பு இரண்டு. ஒரு புரதக் குறியைக் கண்ட மாத்திரத்தில் சேதம் என்று தீர்ப்பெழுதுவது எவ்வளவு அவசரமானது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இத்துறையில் இல்லை.

டி.என்.ஏ.வின் எழுத்துகளை விட்டு, அவற்றின்மேல் இடப்படும் குறிகளுக்கு வருவோம். மெத்தில் என்ற சிறு வேதிக்குழு எந்த மரபணுவில் ஒட்டுகிறது, ஹிஸ்டோன் என்ற உருளைகள் எங்கே இறுகுகின்றன, எங்கே நெகிழ்கின்றன என்பவை செல்லின் நினைவைப் போன்றவை. முதிய குருத்தணுவில் இந்த நினைவு மாறிப்போகிறது. லிம்ஃபாய்டுக் கிளைக்குரிய கதவுகள் சாத்தப்படுகின்றன. தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் மரபணுக்கள் மேலும் திறக்கின்றன. எண்ணிக்கை கூடித் திறன் குறையும் முரணுக்கு இதில் பாதி விடை இருக்கிறது: தன்னைப் போல் இன்னொன்றை ஆக்கும் பழக்கம் ஓங்கி, ரத்தமாக முதிரும் பழக்கம் மங்குகிறது.

இது மாற்றக்கூடியதா? ஸ்வீடனில் டேவிட் பிரைடரின் குழு 2013இல் ஒரு துணிச்சலான சோதனை செய்தது. முதிய எலியின் குருத்தணு வழிச் செல்களைக் கருநிலைக்கு ஒப்பான நிலைக்குத் திருப்பி, அவற்றிலிருந்து மறுபடி குருத்தணுக்களை உருவாக்கி, எலியில் வைத்தது. புதிதாக வந்தவை இளம் குருத்தணுக்களைப் போல வேலை செய்தன. இந்தச் சுற்றில் டி.என்.ஏ.வின் எழுத்துப் பிழைகள் திருந்துவதில்லை; மேற்குறிகள்தாம் அழித்து எழுதப்படுகின்றன. ஆகவே எலியின் குருத்தணு மூப்பில் பெரும்பங்கு மேற்குறிகளுக்கே உரியது என்ற முடிவை மறுப்பது கடினம்.

செல்லின் உள் அமைப்பும் குலைகிறது. இளம் குருத்தணுவுக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு. ‘சி.டி.சி.42’ என்ற புரதம், டியூபுலின் இழைகள், சில ஹிஸ்டோன் குறிகள் எல்லாம் செல்லின் ஒரு முனையில் குவிந்திருக்கும், கூடத்தின் ஒரு மூலையில் ஆள்கள் கூடியிருப்பதுபோல. ஒளிரும் சாயமேற்றிப் பார்த்தால் பிறைபோல ஒரு பக்கம் மட்டும் மின்னும். முதிய குருத்தணுவில் அந்தப் பிறை கலைந்து வட்டம் முழுக்கப் பரவிவிடுகிறது, சி.டி.சி.42 ஓயாமல் முடுக்கத்தில் இருப்பதே காரணம். ஹார்ட்மூட் கைகரும் மரியா கரோலினா ஃப்ளோரியானும் 2012இல் ‘காசின்’ என்ற வேதிப்பொருளால் அந்த முடுக்கத்தைத் தணித்தபோது பிறை மீண்டும் திரண்டது. ரத்தம் ஆக்கும் திறனும் ஓரளவு மீண்டது. பிளவுறும்போது இரு மகள் செல்களுக்கும் எதை எப்படிப் பங்கிடுவது என்பதை இந்தச் சாய்வு தீர்மானிக்கிறது. பங்கீடு குலைந்தால் இரண்டும் ஒன்றுபோலவே ஆகி, குருத்தணுக்களின் எண்ணிக்கை மட்டும் ஏறக்கூடும்.

செல்லின் எரிசக்தி உலைகளான மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றி ஒன்றே ஒன்று. பசேகேயின் குழு 2017இல், முதிய எலியின் குருத்தணுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இளமைத் திறனோடு இருப்பதைக் கண்டது. அவை தம் மைட்டோகாண்ட்ரியாவைத் தாமே விழுங்கிச் செரித்து, எரிசக்திப் புழக்கத்தைத் தாழ்வாக வைத்துக்கொண்டவை. எஞ்சிய செல்களில் அந்தத் தன்விழுங்கல் தளர்ந்து, பழைய மைட்டோகாண்ட்ரியா குவிந்து, உறக்கம் கலைந்திருந்தது. ஒரே மஜ்ஜையில், ஒரே வயதில், சில செல்கள் மூத்தும் சில மூக்காமலும் இருக்கின்றன. ‘முதிய குருத்தணு’ என்று ஒருமையில் பேசுவதே சரியில்லை என்பதற்கு இது போதும்.

4. வீட்டின் பங்கு

குருத்தணு தனியே வாழ்வதில்லை. நாளச் சுவர், எலும்பாக்கும் செல், நரம்பு நுனி, கொழுப்புச் செல் ஆகியவை சூழ்ந்த ஒரு வீட்டில் குடியிருக்கிறது. வீடு பழுதானால் குடியிருப்பவர் சோர்வார் என்பது இயல்பான ஊகம். ஆனால் இப்பகுதியில் சான்றுகள் நேருக்கு நேர் மோதுகின்றன. நியூயார்க்கில் பால் ஃப்ரெனெட்டின் குழு 2018இல் மூப்போடு மஜ்ஜையின் பரிவு நரம்புகள் தேய்கின்றன, அதனாலேயே குருத்தணு மூக்கிறது என்றது. அடுத்த ஆண்டே கேம்பிரிட்ஜில் சிமோன் மென்டெஸ்-ஃபெரரின் குழு மூப்பில் அந்த நரம்பிழைகள் கூடுகின்றன என்றது. இரு குழுவும் தேர்ந்தவர்கள். எந்த எலும்பில், எந்தப் பகுதியில் பார்த்தார்கள் என்பதில் விடையின் ஒரு பகுதி இருக்கலாம். எலும்புக்கு எலும்பு மூப்பு வேறுபடுகிறது: தொடை எலும்பின் மஜ்ஜை கொழுத்துத் தேயும்போது எலியின் மண்டையோட்டு மஜ்ஜை வயதோடு விரிந்து, ரத்தம் ஆக்குவதில் உறுதியோடு நிற்கிறது என்று 2024இல் ரால்ஃப் ஆடம்ஸின் குழு காட்டியது. நாம் ‘மஜ்ஜையின் மூப்பு’ என்று சொல்லிவந்தது பெரிதும் தொடை எலும்பின் மூப்பே.

வீட்டை மாற்றினால் குடியிருப்பவர் தேறுவாரா? ஜப்பானில் அட்சுஷி இவாமாவின் குழு முதிய குருத்தணுக்களை இளம் எலிகளின் மஜ்ஜையில், கதிர்வீச்சே இல்லாமல், குடியேற்றியது. 2020இல் வெளியான முடிவு விசித்திரமானது. எந்த மரபணு எவ்வளவு பேசுகிறது என்ற பட்டியல் பெருமளவு இளமைக்குத் திரும்பியது. ரத்தம் ஆக்கும் திறன் திரும்பவில்லை. மெத்தில் குறிகள் பழையபடியே நின்றன. மறு ஆண்டு பசேகேயின் குழு இன்னும் கடுமையான தீர்ப்பைத் தந்தது. இளம் எலியோடு முதிய எலியை ரத்தவோட்டம் பொதுவாகும்படி இணைத்துத் தைப்பது, இளமைப் பிளாஸ்மா செலுத்துவது, உடற்பயிற்சி, உணவுக் குறைப்பு என எதற்கும் முதிய குருத்தணு இணங்கவில்லை. தசையையும் மூளையையும் இளம் ரத்தம் தேற்றுகிறது என்ற செய்திகள் நாளிதழ்களில் நிறைய வந்தன. ரத்தத்தின் மூலமே அதற்கு மசியவில்லை என்பது அவ்வளவாக வரவில்லை.

அழற்சிக்குத் தனி இடம் தர வேண்டும். தொற்று வந்தால் குருத்தணு உறக்கம் கலைந்து எழுகிறது. தணிந்ததும் மீண்டும் உறங்கிப் பழைய நிலைக்கு வந்துவிடும் என்றே நம்பினோம். ஹைடல்பர்கில் மைக்கேல் மில்சமின் குழு 2022இல் அப்படியல்ல என்று காட்டியது. இளமையில் பலமுறை அழற்சிக்கு ஆளான எலிகளின் குருத்தணுக்கள் ஓராண்டு ஓய்வுக்குப் பின்னும் தேறவில்லை. எலிக்கு ஓராண்டு என்பது பாதி வாழ்நாள். காய்ச்சல் வந்துபோகிறது, குருத்தணுவில் அதன் வடு நிற்கிறது. மூப்பு என்று நாம் அளப்பதில் எத்தனை பங்கு கடந்துபோன நோய்களின் கணக்கு என்பதை இனி பிரித்தறிய வேண்டியிருக்கும். தொற்று மிகுந்த நிலப்பகுதிகளில் வாழும் மக்களுக்கு இது தள்ளிப்போடக்கூடிய கேள்வியன்று. இத்துறையின் பெரிய மரபணு ஆய்வுகளோ பெரிதும் ஐரோப்பிய, அமெரிக்க மக்களிடமே செய்யப்பட்டவை.

5. மனித ரத்தத்தின் வம்சாவளி

மனிதரில் இத்தகைய சோதனை செய்ய முடியாது. ஆனால் இயற்கையே ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. ஒவ்வொரு குருத்தணுவிலும் சேரும் மரபணுத் திரிபுகள் அதன் வழித்தோன்றல்கள் எல்லாவற்றிலும் இருக்கும். இரண்டு செல்களுக்குப் பொதுவான திரிபுகளைக் கொண்டு அவை எப்போது பிரிந்தன என்று பின்னோக்கிப் போகலாம், ஊரில் வம்சப் பட்டியலை வைத்துப் பங்காளிகள் எந்தத் தலைமுறையில் பிரிந்தார்கள் என்று கண்டுபிடிப்பதுபோல.

பீட்டர் கேம்பெல்லின் குழு 2022இல் பிறந்த குழந்தை முதல் 81 வயது வரை பத்துப் பேரிடமிருந்து 3,579 ரத்தமூலச் செல்களின் முழு மரபணுத்தொகுதியையும் படித்தது. ஒரு குருத்தணுவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 17 திரிபுகள் சேர்கின்றன. குரோமோசோம்களின் முனைகளான டெலோமியர்கள் ஆண்டுக்கு 30 எழுத்து அளவு குறுகுகின்றன. இந்த வேகம் வாழ்நாள் முழுதும் சீரானது. முதுமையில் திடீரென்று கூடுவதில்லை. ஆனால் வம்சாவளியின் வடிவம் திடீரென்று மாறுகிறது. 65 வயதுக்குக் கீழே 20,000 முதல் 2,00,000 குருத்தணுக்கள் ஏறக்குறைய சமமாக ரத்தம் தருகின்றன. எந்தக் கால்வழியும் ஒரு விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. 75ஐக் கடந்தவர்களிலோ ரத்தத்தின் 30 முதல் 60 விழுக்காடு வெறும் 12 முதல் 18 கால்வழிகளிலிருந்து வந்தது.

சீராகச் சேரும் பிழை திடீர் மாற்றத்தை எப்படித் தரும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் குருத்தணு என்று கொண்டால், ஆண்டுக்கு 17 லட்சம் திரிபுகள். ஏறத்தாழ அனைத்தும் எதையும் மாற்றாதவை. ஆனால் இத்தனை சீட்டு எடுத்தால் ஒன்றிரண்டு சற்றுக் கூடுதலாகப் பெருகும் வரத்தைத் தரும் மரபணுவில் விழாமல் போகாது. ஆண்டுக்குச் சில விழுக்காடு வளர்ச்சி என்பது வட்டிபோல. முதல் முப்பது ஆண்டில் கண்ணுக்கே தெரியாது, பிறகு வீட்டையே விழுங்கும். அக்கால்வழிகளில் பெரும்பாலானவை அவர்கள் நாற்பதை எட்டும் முன்பே பெருகத் தொடங்கிவிட்டன என்று அதே ஆய்வு சொல்கிறது. முதுமையில் தெரிவது இளமையில் விதைத்தது.

இதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பெருகிய கால்வழிகளில் 22 விழுக்காட்டில் மட்டுமே அறியப்பட்ட காரண மரபணு இருந்தது. எஞ்சியவற்றுக்கு இன்னும் பெயரிடப்படாத மரபணுக்கள் காரணம் என்று கேம்பெல் குழு கணித்தது. ஐஸ்லாந்தில் 11,262 பேரிடம் செய்த 2017ஆம் ஆண்டு ஆய்வோ, காரணமே இல்லாமல் தற்செயலாகவும் கால்வழிகள் ஓங்கக்கூடும் என்றது. தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்கள் ஆண் வாரிசின்றி முடிந்து, எஞ்சியவற்றின் பெயரே ஊர் முழுக்க நிற்பதில் யாருடைய தகுதியும் இல்லாமல் இருக்கலாம் அல்லவா? குருத்தணுக்கள் பெருந்தொகையாக இருக்கும்வரை தற்செயல் மட்டும் இத்தனை வேகமாக வேலை செய்யாது என்பதால் நான் கேம்பெல் பக்கம் சாய்கிறேன். ஆயினும் பத்துப் பேர் என்பது பத்துப் பேர்தான்.

அறிந்த காரண மரபணுக்களில் முதன்மையானவை மூன்று: டி.என்.எம்.டி.3ஏ, டெட்2, ஏ.எஸ்.எக்ஸ்.எல்.1. மூன்றும் மேற்குறிகளை ஆள்பவை. முதலாவது மெத்திலை ஒட்டுகிறது. இரண்டாவது அகற்ற உதவுகிறது. எதிரெதிர் வேலை செய்யும் இரண்டில் எது பழுதானாலும் கால்வழி பெருகுவது இன்னும் முழுதாக விளங்காத புதிர். 2014இல் சித்தார்த் ஜெய்ஸ்வாலும் குழுவினரும் 17,182 பேரின் ரத்தத்தில் இத்தகைய திரிபுகளைத் தேடினார்கள். எழுபதுகளில் இருப்போரில் 9.5 விழுக்காட்டினரிடமும், தொண்ணூறைக் கடந்தோரில் 18.4 விழுக்காட்டினரிடமும் அவை இருந்தன. அவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பதினொரு மடங்கு. ஆனால் மடங்கு என்பது அச்சுறுத்தும் கணக்கு. நூறு பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் அது புற்றாக மாறுகிறது. எதிர்பாராதது மாரடைப்பு: இதயநாள நோய் இவர்களிடம் இருமடங்காக இருந்தது. டெட்2 இழந்த மோனோசைட்டுகள் நாளச் சுவரில் புகுந்து ‘இன்டர்லூகின்-1பீட்டா’ என்ற அழற்சிப் பொருளைச் சுரப்பதை 2017இல் எலிகளில் காட்டினார்கள். அந்த அழற்சியே டெட்2 இழந்த குருத்தணுவுக்குச் சாதகமாக அமைகிறது. அடுப்பைத் தானே மூட்டித் தானே குளிர்காய்வதுபோல.

ஹென்ட்ரிக்யே வான் ஆன்டல்-ஸ்கிப்பர் என்ற டச்சு மூதாட்டி உலகிலேயே வயதானவராக அறியப்பட்டு 2005இல் 115ஆம் வயதில் மறைந்தார். தம் உடலை அறிவியலுக்கு அளித்தார். 2014இல் வெளியான ஆய்வின்படி அவருடைய வெள்ளணுக்களில் பெரும்பகுதி இரண்டே இரண்டு, அதுவும் உறவுடைய, கால்வழிகளிலிருந்து வந்தது. ஏறக்குறைய 450 திரிபுகள் கண்டறியப்பட்டன. ஆண்டுக்கு 17 என்ற கணக்கோடு இதை ஒப்பிட்டு மயங்கக் கூடாது. மொத்த ரத்தத்தைப் படிக்கும்போது கால்வழி பெருகத் தொடங்கிய பின் சேர்ந்தவை கண்ணில் படுவதில்லை. வெள்ளணுக்களின் டெலோமியர் அவருடைய மூளைச் செல்களைவிட 17 மடங்கு குறுகியிருந்தது. ஆனால் அவருக்கு ரத்தப் புற்று இல்லை. இரண்டே கால்வழிகளில் ஒரு மனுஷி நின்றிருக்கிறார்.

6. இளமை மீட்பு: எதை மீட்கிறோம்?

ராபமைசின் என்ற மருந்து முதிய எலிகளின் குருத்தணுத் திறனை உயர்த்தி, ஃப்ளூ தடுப்பூசிக்கு அவை இணங்கும்படி செய்தது என்று 2009இல் வெளியாயிற்று. காசின் பற்றிச் சொன்னேன். 2024இல் வைஸ்மனின் கூட்டுக்குழு மைலாய்டுச் சாய்வுடைய குருத்தணுக்களை எதிர்ப்புரதங்களால் களைந்து முதிய எலிகளின் நோயெதிர்ப்பைத் தேற்றியது. இவை மதிக்கத்தக்க ஆய்வுகள். ஆனால் மூன்றும் எலியில் நடந்தவை. எலிக்கு ஆயுள் இரண்டரை ஆண்டு. ஒரு திரிபு பிறந்து, முப்பது நாற்பது ஆண்டு வட்டி ஏறி, ரத்தத்தை ஆளும் அளவுக்கு வளர அங்கே காலமே இல்லை. எலியின் மூப்பு பெரும்பாலும் மேற்குறிகளும் செல்லமைப்பும் குலைவது. அதனால் திருப்பவும் முடிகிறது. மனித மூப்பில் அதற்கு மேல் கால்வழிகளின் குறுக்கமும் சேர்கிறது. பன்னிரண்டு கால்வழிகளில் ஒவ்வொரு செல்லையும் இளமையாக்கினாலும் அவை பன்னிரண்டாகவே இருக்கும். இழந்த பல்லாயிரம் திரும்பாது. அதைவிட, பெருகும் வரம் பெற்ற கால்வழிக்கு மேலும் வலு ஊட்டிவிடவும் கூடும். இனி ‘குருத்தணுவை இளமையாக்கினோம்’ என்று சொல்லும் எந்த மனித ஆய்வும் கால்வழிகளின் பன்மையையும் எண்ணிக் காட்ட வேண்டும். அந்த எண் இல்லாத கூற்றை அரைகுறை என்றே நான் கொள்வேன்.

7. கொடையாளரின் வயது

இந்த அறிவு இன்றே பயன்படும் இடம் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் நடந்துவரும் சிகிச்சை அது. சென்னையில் இயங்கும் தாத்ரி போன்ற கொடையாளர் பதிவகங்கள் அதற்காகவே இருக்கின்றன. பதிவகங்கள் ஏன் இளைஞர்களையே தேடுகின்றன என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் உறவல்லாத கொடையாளர் வழி நடந்த ஏறக்குறைய 7,000 மாற்று சிகிச்சைகளை ஆராய்ந்த 2001ஆம் ஆண்டு ஆய்வில், கொடையாளர் முப்பதுக்குள் இருந்தால் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 33 விழுக்காடு. 45ஐக் கடந்தவரானால் 25.

கேம்பெல்லின் குழுவும் சூரிச் மருத்துவர்களும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட ஆய்வு இதன் உட்கதையைச் சொல்கிறது. 9 முதல் 31 ஆண்டுகளுக்கு முன் மாற்று சிகிச்சை நடந்த பத்து ஜோடி உடன்பிறந்தோர். அண்ணன் உடலிலும் தம்பி உடலிலும் ஒரே ரத்தம், ஒரே வம்சாவளி. நிலம் மட்டும் வேறு. இளம் கொடையாளரிடமிருந்து 5,000 முதல் 30,000 குருத்தணுக்கள் வேரூன்றி நிலைத்திருந்தன. ஐம்பதைக் கடந்தவரிடமிருந்து அதில் பத்தில் ஒரு பங்கே. பெற்றவரின் ரத்தம், கொடுத்தவரின் ரத்தத்தைவிட, கால்வழிப் பன்மையில் பத்துப் பதினைந்து ஆண்டு கூடுதலாக மூத்திருந்தது. ஆனால் திரிபுகள் சேரும் வேகம் இருவரிடமும் ஏறக்குறைய ஒன்றே. குருத்தணுவின் கடிகாரம் இடம் மாறியும் அதே வேகத்தில் ஓடியிருக்கிறது, குறுகியது கூட்டம்தான்.

இதன்படி அறுபது வயது அண்ணனைவிட இருபத்தைந்து வயது அந்நியர் மேல் என்று முடிவு கட்டத் தோன்றும். அங்கேயும் சிக்கல் இருக்கிறது. நாற்பதைக் கடந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொடையாளர்களை ஆராய்ந்த 2022ஆம் ஆண்டு ஆய்வில், கொடையாளரிடம் டி.என்.எம்.டி.3ஏ திரிபுக் கால்வழி இருந்தபோது பெற்றவர்களில் ஒரு பகுதியினருக்குப் புற்று திரும்புவது குறைந்து, உயிர்வாழ்வு கூடியது. மூப்பின் அடையாளம் என்று நாம் கருதும் கால்வழி, வேறொருவர் உடலில் புற்றை எதிர்த்து நிற்கிறது. இதனால் மருத்துவரின் முன்னே இரு கேள்விகள் நிற்கின்றன. தம்பிக்கு மஜ்ஜை கொடுக்க வந்திருக்கும் அக்காவின் ரத்தத்தில் இத்திரிபை முன்கூட்டித் தேடலாமா? தேடிக் கண்டால், நலமாக நடந்து வந்த அவரிடம், இன்றுவரை மருந்தில்லாத ஒன்று உங்கள் ரத்தத்தில் இருக்கிறது, அது இதயத்துக்குக் கேடு செய்யலாம், ஆனால் உங்கள் தம்பிக்கு நன்மையும் செய்யலாம் என்று எந்தச் சொற்களால் சொல்வது?